வரைபடத்தில் ஓர் எறும்பு

"என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டாள் சித்தி.

"விமானம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள்.

நான் பேனாவை மூடி வைத்தேன். "மேடம், இது சின்ன ஆபீஸ். செயின், சைக்கிள், மிஞ்சிப் போனா புருஷன். அதுக்கு மேல பெருசா எதையும் நாங்க தேடினதில்ல."

"புருஷன் பத்திரமா வீட்ல இருக்கார் தம்பி. விமானத்தைத்தான் காணோம். இதோ, இவ்ளோதான் இருக்கும்" என்று இரண்டு கைகளையும் முழுக்க விரித்துக் காட்டினார். கை பட்டு எங்கள் சுவர்க் காலண்டர் கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டுவது என் வேலை.

சித்தி என்றதும் வயதான உருவம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். என் அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட நாலே வயது பெரியவள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் புத்தகப் பையையும் நான்தான் தூக்குவேன். இன்றும் அதே ஏற்பாடுதான். பைக்குள் புத்தகத்துக்குப் பதிலாகப் பூதக்கண்ணாடியும் அளவு டேப்பும் இருக்கின்றன. செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் இந்தத் துப்பறியும் நிலையத்துக்கு அவள்தான் முதலாளி. நான் இங்கே சேர்வதற்கு முன்னால் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது, மறுநாளும் அதே கதவைத் தட்டுவது என்று இந்தத் தொழிலுக்கு வேண்டிய எல்லாப் பயிற்சியும் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

வந்தவர் ஒரு பல் டாக்டரின் மனைவி. அவர் சொன்னது இதுதான். அவருடைய அப்பா வாலிப வயதில் ஓர் இரட்டை இறக்கை விமானத்தை வடிவமைத்து வரைந்திருக்கிறார். ஒரு பத்திரிகை அந்தப் படத்தை ஒரு சாண் அளவில் அச்சிட்டது. அத்தோடு சரி, யாரும் அதைக் கட்டவில்லை. மூலப் படமும் எங்கோ போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர், மாமனாரின் அந்த ஒரு சாண் படத்தைப் பெரிதாக்கி, மாதிரி விமானமாகக் கட்ட ஆரம்பித்தார். கடையில் வாங்கிப் பொருத்துகிற ரகம் இல்லை. குச்சி குச்சியாக வெட்டி, ஒட்டி, துணி போர்த்தி, உண்மையாகவே பறக்கக்கூடிய இயந்திரம்.

"நாளைக்கு அப்பாவோட எண்பதாவது பிறந்தநாள். காலையில மைதானத்துல அவர் முன்னாடி பறக்கவிடறதா ஏற்பாடு. நேத்து காலையில இவர் கீழ வந்து 'விமானத்தைக் காணோம்'னார். அப்பாவுக்கு இன்னும் சொல்லல. அவர் ஒரு மாசமா தினமும் 'காத்து எந்தப் பக்கம் அடிக்குது'ன்னு கேட்டுட்டிருக்கார்." "எப்படியாவது இன்னிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்."

"போலீஸுக்குப் போகலையா?"

"இவர் வேணாங்கறார். 'போனது போகட்டும் விடு'ங்கறார். நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

சித்தி கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் கிடைத்த துணியால் துடைத்தாள். பக்கத்தில் கிடைத்த துணி எப்போதும் என் சட்டை நுனிதான். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அம்மாள் தயங்கினார். "சொல்லக் கூடாதுதான். என் தங்கச்சி வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார். மூணு வருஷமா இவரைக் கிண்டல் பண்றதே அவர் வேலை. 'சகலை, பல்லு பிடுங்கற கையால இறக்கை ஒட்டினா பறக்குமா'ம்பார். முந்தாநாள் சாயந்தரம் அப்பாவைப் பார்க்க வந்தார். அவர் கார் மேல, வெள்ளைத் துணியில சுத்தி நீளமா ஏதோ கட்டியிருந்தது. என்னன்னு கேட்டேன். காதுல விழாத மாதிரி வண்டியை எடுத்துட்டார்."

நான் எழுந்துவிட்டேன். "சித்தி, கேஸ் முடிஞ்சுது. சகலையைப் பிடிச்சா விமானம்."

"உக்காரு" என்றாள் சித்தி. "முதல்ல வீட்டைப் பார்ப்போம்."

அம்மாள் தன் போனில் ஒரு படம் காட்டினார். வாசலில் நின்று எடுத்தது. மேலும் கீழுமாக இரண்டு வெள்ளை இறக்கைகள், நடுவே வலைபோலக் கம்பிகள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கே வயிறு எரிந்தது. திருடனுக்கு எப்படி இருந்திருக்கும்!

---

கீழ்த்தளத்தில் மாமனார். மாடியில் மகளும் மருமகனும். மாடிப்படி ஏறியதும் ஒரு நடை. எதிரே யாராவது வந்தால் இரண்டு பேரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்த நடையின் பக்கவாட்டில்தான் பட்டறை அறையின் கதவு. கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்தால் எதிர்ச்சுவரில் மூக்கு இடிக்கும். நான் இடித்துக்கொண்டேன்.

பல் டாக்டர் எங்களைப் பார்த்ததும் மனைவியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"எதுக்குங்க இதெல்லாம்? போனது போகட்டும்னு சொன்னேனே."

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றாள் சித்தி.

"என்கிட்டதான்."

"பூட்டு உடைஞ்சிருந்துதா?"

"இல்ல. நான்தான் முந்தாநாள் பூட்ட மறந்துட்டேன் போல."

அறை வெறுமையாக இருந்தது. நீளமான மேஜை, அதன் மேல் வரிசையாகப் பல் வைத்தியக் கருவிகள். உளி, அரம், வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி எல்லாம் இருந்தன. கம்பிபோட்ட ஜன்னல் ஒன்று. அறைக்குள் வெக்கை தாங்கவில்லை. நான் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் சுற்றவில்லை. மேலே பார்த்தேன். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிதான் தெரிந்தது.

"பூச்சு உதிருது. தூசி விழாம இருக்கத் துணி கட்டியிருக்கேன்" என்றார் டாக்டர், நான் கேட்காமலே.

"நீங்க எப்ப கடைசியா உள்ள வந்தீங்க?" என்று சித்தி அந்த அம்மாளிடம் கேட்டாள்.

"நான் எங்க மேடம் வர்றது? இந்த மரத்தூளும் வார்னிஷ் வாசனையும் எனக்கு ஆகாது. இருமலே நிக்காது. மாசத்துக்கு ஒரு தரம் வாசல்ல நின்னு எட்டிப் பார்ப்பேன்."

ஒரு பக்கச் சுவர் முழுக்க வரைபடம். ஜெராக்ஸ் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, முழு விமானத்தையும் படுக்கவைத்த மாதிரி இருந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் டாக்டருக்குத் துக்கம் மறந்துவிட்டது.

"ஒரு சாண் படத்தை ஒரே தடவையில இவ்ளோ பெருசாக்க முடியாதுங்க. துண்டு துண்டா ரெண்டு மடங்கு, அதை மறுபடி ரெண்டு மடங்கு, மறுபடி. பெருசாக்கப் பெருசாக்கக் கோடும் தடிச்சுடும். கடைசியில ஒரு கோடே விரல் அகலம் வந்துடுச்சு. கோட்டுக்கு உள்பக்கம் அளக்கறதா, வெளிப்பக்கமா? ஒரு வாரம் தூங்கல. கடைசியில நடுக்கோட்டைப் பிடிச்சு அளந்தேன்."

"ரொம்ப நியாயம்" என்றேன் நான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு ஒரே கொள்கைதான் தம்பி. வரைபடத்துல இருந்தா விமானத்துல இருக்கும். வரைபடத்துல இல்லேன்னா விமானத்துல இருக்காது. மாமா வரைஞ்சதை மாத்த நான் யாரு?"

சித்தி வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள். பைலட் இருக்கைக்குப் பின்னால் மூன்று சின்னப் புடைப்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. அதிலிருந்து ஆறு மெல்லிய குச்சிகள் வளைந்து நீண்டிருந்தன. போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். விமானத்தின் முதுகிலும் அதே இடத்தில் அதே புடைப்பு, அதே ஆறு குச்சிகள்.

"இது என்ன?"

"காத்து உள்ள போற ஏதோ அமைப்புன்னு நினைக்கறேன்." டாக்டர் பெருமையாகச் சிரித்தார். "அந்த ஆறு குச்சிக்கு மட்டும் ரொம்ப பாடுபட்டேன். பல்லு வேரைச் சுத்தம் பண்ற ஊசி இருக்கில்ல, அதை வளைச்சுச் செஞ்சது. மாமா காரணமில்லாம எதையும் வரைய மாட்டார்."

கீழே இறங்கினோம்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே ஒரு மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றைத்தான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மகள் எங்களைத் தன் சிநேகிதர்கள் என்று சொல்லிவைத்தார்.

"மேல போய்ப் பார்த்தீங்களா?" என்றார் பெரியவர் ஆவலாக. "எனக்கு முட்டி விடமாட்டேங்குது. படி ஏறி நாலு வருஷம் ஆச்சு. நானே வரைஞ்சு கட்டின வீடு, என்னையே மாடிக்கு விடமாட்டேங்குது பாருங்க. எப்படி இருக்கு அது?"

நான் பொய் சொல்வதில் தேர்ந்தவன். தண்ணீர் வடிகட்டி விற்றவன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. "வெறும் கண்ணால பார்க்க முடியலைங்க" என்றேன். அது உண்மைதான்.

சுவரில் அந்தப் பத்திரிகைப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. சித்தி பூதக்கண்ணாடியை வைத்து அதை ஆராய்ந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பைலட் இருக்கைக்குப் பின்னால் மொழுமொழுவென்று வெறும் முதுகு. ஒரு புள்ளிகூட இல்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "அப்ப டாக்டர் கஷ்டப்பட்டு எதைக் கட்டியிருக்கார்?"

"எறும்பு" என்றாள் சித்தி.

"என்னது?"

"ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியில ஒரு எறும்பு செத்துக் கிடந்திருக்கு. படத்தோட அதுவும் சேர்ந்து பெருசாயிடுச்சு. மூணு புடைப்பு, தலை, நெஞ்சு, வயிறு. ஆறு கால். மனுஷன் ஒரு காலைக்கூட விடாம செஞ்சிருக்கார்."

நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

"சிரிக்காத. நமக்கு இதுதான் துருப்புச்சீட்டு" என்றாள் சித்தி. "உலகத்துலயே முதுகுல எறும்பு இருக்கற விமானம் இது ஒண்ணுதான். பெயின்ட் மாத்தினாலும் துணி மாத்தினாலும் எறும்பு காட்டிக் குடுத்துடும்."

---

டிரைவிங் ஸ்கூல் சகலை மலைபோல இருந்தார். குரலும் அதற்கேற்ற மாதிரி. ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி அவருடைய காரில் ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்தார். முற்றத்தின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை பூட்டியிருந்தது.

"விமானமா? எனக்கு என்ன தெரியும்?" என்றார் சகலை. "பாவம் சகலை. நான் அவரைக் கிண்டல் பண்ணுவேன், அதுக்காகத் திருடுவேனா?"

"கொட்டகையில என்ன இருக்கு?"

"பழைய டயர்."

"டயருக்கு இவ்ளோ பெரிய பூட்டா?" என்றேன். "உள்ள இருக்கறது ரொம்ப விலை உசந்த டயரோ?"

"தம்பி, உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"இப்படிப் பேசறதுக்கு."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சகலையின் முகம் மாறிவிட்டது. அவர் எனக்குப் பின்னால் பார்த்து, "பிரேக்! பிரேக்! அம்மா, அது கிளட்ச்!" என்று அலறினார். கார் பின்பக்கமாக, நிதானமாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல முற்றத்தைக் கடந்து போய்க் கொட்டகைக் கதவில் முட்டியது. பூட்டு அப்படியே இருந்தது. கதவுதான் கீலோடு கழன்று உள்ளே விழுந்தது.

உள்ளே ஓர் இரட்டை இறக்கை விமானம் நின்றுகொண்டிருந்தது.

"டயருக்கு இறக்கை முளைச்சிருக்கு சித்தி" என்றேன்.

ஒரு பக்கம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மறுபக்கம் வெறும் எலும்புக்கூடு. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "துணியை உரிச்சு வேற துணி போர்த்தறார். அடையாளத்தை அழிக்கறார். பட்டப்பகல்ல!"

சித்தி நேராகப் போய்ப் பைலட் இருக்கைக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவினாள். குனிந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியால் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எறும்பு இல்ல."

"எடுத்திருப்பார்."

"ஒட்டின தடமும் இல்ல. பசை இல்ல, ஓட்டை இல்ல. இது டாக்டர் விமானம் இல்லடா."

மலை சரிந்தது. சகலை ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். அங்கே உண்மையாகவே டயரும் இருந்தது.

"நானே சொல்லிடறேன்" என்றார், குரல் பாதியாகி. "அவரைக் கிண்டல் பண்ணத்தான் வாரா வாரம் அந்தப் பட்டறைக்குப் போனேன். போகப் போக எனக்கே ஆசை வந்துடுச்சு. மாமா வீட்டுச் சுவர்ல இருக்கற படத்தை போன்ல போட்டோ எடுத்து, பெருசா பிரின்ட் போட்டேன். வெளிய எப்படிச் சொல்றது? மூணு வருஷமா அவரைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பெல்லாம் வட்டியோட திரும்பி வராதா? முந்தாநாள் கார் மேல வச்சிருந்தது இந்த இறக்கைதான். தையல்காரர்கிட்ட துணி போர்த்தக் குடுத்து வாங்கிட்டு வந்தேன்."

"இறக்கையைத் தனியாவா கொண்டு போனீங்க?" என்றாள் சித்தி.

"கழட்டலாமே" என்று எழுந்து, இரண்டு ஆணிகளை உருவினார். ஒரு பக்க இறக்கைகள் இரண்டும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. "மாமா படத்துல இது கிடையாது. அவர் ஒரே துண்டாத்தான் வரைஞ்சிருக்கார். ஆனா கழட்டற மாதிரி செய்யலேன்னா கதவு வழியா எப்படி மேடம் வெளிய கொண்டு போறது?"

சித்தி கண்ணாடியைக் கழற்றினாள். என் சட்டையைத் தேடினாள். பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அவள் துடைக்காமல் மாட்டினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"சார், நீங்களும் வாங்க" என்றாள். "கடப்பாரை இருந்தா எடுத்துக்குங்க."

"எதுக்கு மேடம்?"

"இன்னும் தெரியல. ஆனா வேணும்னு தோணுது."

---

பட்டறை அறையில் சித்தி இரண்டு நீளமான ஒட்டடைக் கம்புகளை எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவே இரண்டு தலையணைகளைச் செருகிக் கட்டினாள். குறுக்கே துடைப்பக் கட்டையைக் கட்டினாள். அந்த மொத்த மூட்டையையும் என் தோளில் ஏற்றினாள்.

"நீதான் விமானம். வரைபடத்துப்படி ஏழடி இறக்கை, அஞ்சடி உடம்பு. எதையும் அவிழ்க்காம இந்த அறையை விட்டு வெளிய போ."

பல் டாக்டர், மனைவி, சகலை மூவரும் பார்க்க, நான் நேராகப் போனேன். இரண்டு பக்கமும் கதவில் இடித்தது. இறக்கை நுனியை முன்னால் விட்டுப் பக்கவாட்டில் போனேன். பாதி வெளியே போனதும் நடையின் எதிர்ச்சுவர் தடுத்தது. திரும்பலாம் என்றால் துடைப்பக் கட்டை கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. சாய்த்தேன், தூக்கினேன், படுத்துக்கொண்டு ஊர்ந்தேன். கடைசியில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் வாசலில் சிக்கி நின்றேன்.

"சித்தி, விமானம் அவசரமா பாத்ரூம் போகணுங்குது."

அவள் என்னைக் கவனிக்கவில்லை. "டாக்டர், உங்க விமானத்துல இறக்கையைக் கழட்ட முடியுமா?"

டாக்டர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"முடியாது. ஏன்னா வரைபடத்துல அது இல்ல" என்றாள் சித்தி. "அப்ப உங்க விமானம் இந்தக் கதவு வழியா வெளிய போயிருக்கவே முடியாது. ஜன்னல் கம்பியும் அப்படியே இருக்கு. போகாத பொருள் எங்க இருக்கும்? உள்ளதான் இருக்கும். இவ்ளோ வெக்கையில ஒரு மனுஷன் மூணு வருஷமா இங்க வேலை பார்த்திருக்கார், சுவிட்ச் இருக்கு, ஃபேன் எங்க டாக்டர்? ஃபேன் மாட்டற கொக்கியில இப்ப என்ன மாட்டியிருக்கு?"

மேஜை மேல் ஏறி, ஒரு மூலையில் கட்டியிருந்த நூலை இழுத்தாள். வெள்ளைத் துணி மெதுவாகச் சரிந்து என் தலையில் விழுந்தது. நான் அதை விலக்கிப் பார்த்தபோது, எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே, கயிற்றில் தொங்கியபடி, அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"முந்தாநாள்தான் கடைசிக் கம்பியைக் கட்டினேன்" என்றார். "கீழ இறக்கி வைக்கலாம்னு தூக்கினேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

"மூணு வருஷமா உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றார் அவர் மனைவி.

"உள்ள வந்ததெல்லாம் குச்சியாத்தானே வந்துது! நான் எங்க கதவைப் பார்த்தேன்? வரைபடத்தைத்தான் பார்த்தேன்."

"இறக்கையை அறுத்து எடுத்துட்டு, திரும்ப ஒட்டலாமே சகலை" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் மெதுவாக. கிண்டல் துளியும் இல்லை.

"அறுத்தா அத்தனை கம்பியும் தொய்ஞ்சுடும். மறுபடி கட்ட ரெண்டு மாசம். பிறந்தநாள் நாளைக்கு."

"ஜன்னலை உடைச்சிருக்கலாமே!" என்றேன் நான், வாசலில் சிக்கியபடியே.

டாக்டர் தலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "யார் வீட்டு ஜன்னலை? நான் வீட்டோட மாப்பிள்ளை தம்பி. இது அவர் வரைஞ்சு, ஒவ்வொரு செங்கல்லையும் பக்கத்துல நின்னு பார்த்துக் கட்டின வீடு. 'உங்க விமானத்தைக் கட்டிட்டேன் மாமா, வீட்டை உடைச்சுக்கறேன்'னு எப்படிப் போய் நிக்கறது? முட்டாள்னு பேர் வாங்கறதை விடத் திருட்டுப் போச்சுன்னு சொல்றது மேல்னு தோணுச்சு."

படிக்கட்டில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. நான் கதவில் இடித்த இடியில் கீழே பூச்சு உதிர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று பெரியவர் ஏறி வந்துகொண்டிருந்தார். நடைக்கு வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"விமானமா இருக்கேன் சார்" என்றேன். சகலை ஓடிவந்து என்னைக் கட்டவிழ்த்தார்.

"அப்பா! நாலு வருஷம் கழிச்சு இப்படியா ஏறுவீங்க?" என்று பதறினார் மகள். அவர் காதில் எதுவும் விழவில்லை. மேலே பார்த்தபடியே நின்றார். சகலை கயிற்றைத் தளர்த்தி விமானத்தை மேஜையில் இறக்கினார். பெரியவர் ஓர் இறக்கையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மகள் தணிந்த குரலில் நடந்ததை எல்லாம் சொன்னார். பைலட் இருக்கைக்குப் பின்னால் வந்ததும் பெரியவரின் விரல் நின்றது.

"மாப்ளே, இது என்ன?"

"நீங்க வரைஞ்சதுதானே மாமா" என்றார் டாக்டர் பரிதாபமாக.

பெரியவர் கண்ணாடியை மாட்டி விமானத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து மகள் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி போட வேண்டியதாயிற்று.

"எறும்பு மாப்ளே! ஆறு காலும் சரியா வச்சிருக்கீங்க!"

டாக்டர் முதலில் விழித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார், கண்ணில் நீரோடு. "கம்பியை அறுத்து இறக்கையைக் கழட்டிடறேன் மாமா" என்றார் சிரிப்பு அடங்கியதும். "நாளைக்கு முடியாது. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க."

"அறுக்கறதா? ஜன்னலை உடைங்க."

"மாமா, இது உங்க வீடு."

"நான் ஆயுசுல ரெண்டே ரெண்டு படம்தான் முழுசா வரைஞ்சேன்" என்றார் பெரியவர். "ஒண்ணு பறக்கறதுக்கு, ஒண்ணு குடியிருக்கறதுக்கு. எனக்குப் பிடிச்சது முதல் படம். ஊர் உலகமெல்லாம் ரெண்டாவதைக் கட்டுன்னுது. கட்டிட்டு, அதுக்குள்ளயே அம்பது வருஷமா உக்காந்திருக்கேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த முதல் படத்தைக் கட்டியிருக்கார். நான் செங்கல்லுக்காக அழுவேனா? சின்ன மாப்ளே, அந்தக் கடப்பாரையை எடுங்க."

சகலை கடப்பாரையை எடுத்தார். டாக்டர் எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முதல் அடியை அவர்தான் போட்டார்.

---

ஜன்னல் சட்டமும் அதன் இரு பக்கத்திலும் ஒரு முழச் சுவரும் மாலைக்குள் போய்விட்டன. விமானம் இறக்கை நுனி முன்னால் வர, கயிற்றில் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கியது. தெருவே கூடி நின்று பார்த்தது. கீழே நின்று பிடித்தது நானும் சகலையும்தான். இறக்கியதும் அவர் என்னிடம், "எனக்கு ஒரு எறும்பு செஞ்சு குடுப்பாரா, கேளுங்களேன்" என்றார்.

மறுநாள் காலை மைதானத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. பெரியவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. டாக்டர் இஞ்சினைச் சுழற்றிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தார். விமானம் புல்லில் தத்தித் தத்தி ஓடியது. ஒரு தடவை எகிறி, மறுபடி தரையைத் தொட்டது. சித்தி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அது எழும்பியது.

மரங்களுக்கு மேலே போய், சாய்ந்து திரும்பி, எங்கள் தலைக்கு மேல் வந்தது. அம்மாள் அழுதார். சகலை விசில் அடித்தார். பெரியவர் மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் அண்ணாந்து, அது போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தார். எண்பது வயது முகம் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாலைந்து சுற்று முடிந்ததும் டாக்டர், "இறக்கிடட்டுமா மாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"டேங்க் சின்னது. எண்ணெய் தீர்ந்துடும் மாமா. தீர்ந்துட்டா அது எங்க வேணாலும் போய் விழும்."

பெரியவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தீரட்டும் மாப்ளே" என்றார்.